ஆரியக் கணக்கு!

1933ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள். ஜெர்மனி நாட்டிலே கோட்டிங்கன் எனும் பல்கலைக்கழக நகர். நுண்கணித வகுப்பு நடத்த வருகிறார் பேராசிரியர் எட்மண்ட் லாண்டாவ். எண்களின் இயல்பை ஆராய்ந்து உலகப் புகழ் ஈட்டியவர். 1909 முதல் அவ்வூரிலேயே ஆசான். வகுப்பறை வாயிலிலே மாணவர்கள் திரண்டு நிற்கின்றனர். பாடம் கேட்கும் ஆவலால் திரண்ட கூட்டமன்று. பாடம் நடவாது தடுக்கத் திரண்ட கூட்டம்! இட்லரின் பழுப்புச் சட்டைப் படையினரும் இடையிடையே நிற்கின்றனர். உள்ளே பார்க்கிறார் ஆசான். ஒரே ஒரு மாணவன்! மற்ற இருக்கைகள் அனைத்தும் வெறுமை.

என்ன பிழை செய்தார் அந்தப் பேராசிரியர்? கணக்கைத் தவறாகப் போட்டாரா? காலந் தவறி வந்தாரா? கையூட்டு வாங்கி மதிப்பெண் வழங்கினாரா? இல்லை, இல்லை! யூதராகப் பிறந்தார். அது போதுமானதாயிற்று. தடுத்து நின்ற கூட்டத்தின் தலைவன் ஆஸ்வால்டு டைக்முல்லர், 20 வயது இளைஞன். காரணத்தை எழுதித் தரும்படி ஆசான் கேட்க, அவனும் எழுதித் தந்தான். யூதர் என்பதற்காக உம்மைத் துன்புறுத்துவது எம் நோக்கமன்று, ஜெர்மன் மாணவர்களை முற்றிலும் வேற்று இனத்தார் ஒருவர் பயிற்றுவிப்பதினின்று காப்பதே நோக்கம் என்ற கருத்துப்பட! ஆரிய மாணவனுக்கு ஆரியக் கணக்கு வேண்டுமாம்!

தோழர்களே! அந்த இளைஞன் அறிவிலி அல்லன் என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். அவன் பெயரால் வழங்கும் கணிதத் துறை ஒன்று இன்றும் உலகெங்கும் பயிலப்படுகிறது. இனவெறி என்பது எழுதப் படிக்கத் தெரியாதாரின் நோய், நாலெழுத்துப் படித்தால் நீங்கிவிடும் என்று நம்புவோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் டைக்முல்லரைப் பற்றிச் சிறிது படிக்கட்டும். 1943இல் கிழக்குப் போர்முனையிலே மறைந்து போனான் அவன், முப்பது வயதில்.

வாயிலை அடைத்த கூட்டத்துக்கு வேதம் ஓதிட ஒரு பேராசிரியரும் முன்வந்தார். பெர்லின் பல்கலைக்கழகத்து லுட்விக் பீபர்பாக்! 1934 ஏப்ரலில் அவர் ஆற்றிய சொற்பொழிவின் சாரம் இது: கணிதத்துக்கும் குருதி உண்டு. ஜெர்மானியன் கண்ணால் கண்டதை, கையால் தொட்டதை, இயற்கையோடு இயைந்ததைக் கணக்காக்குவான். யூதனோ உலகோடு ஒட்டாத வெற்றுச் சொற்களைக் கோத்து வானிலே கோபுரம் எழுப்புவான். ஆகவே லாண்டாவை மாணவர் ஒதுக்கியது முறையே! இதற்குச் சான்றும் காட்டினார். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது 'பை' என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறிவான். லாண்டாவ் தம் பாடநூலில் வட்டத்தையே தொடாமல், கொசைன் சார்பு சுழியாகும் இடத்தைக் கொண்டு 'பை'க்கு இலக்கணம் வகுத்திருந்தார். இன்று உயர்கணித வகுப்புகளில் வெகு இயல்பாக வழங்கும் இலக்கணம் அது. அன்று அது இனக் குற்றம்! 1936இல் 'ஜெர்மானியக் கணிதம்' என்ற பெயரிலேயே ஓர் ஆய்வேடும் தொடங்கினர்.

நம் இராமானுசனின் மேதைமையைக் கண்டு கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக் கொண்டாரே ஹார்டி, அவர் 1934லேயே 'நேச்சர்' இதழில் இந்தப் பிதற்றலை எள்ளி எழுதினார். ஆனால் ஹார்டியின் எழுத்தைக் காட்டிலும் கடுமையான மறுப்பை வரலாறே எழுதி வைத்திருந்தது. பீபர்பாக் 1916இல் ஓர் ஊகத்தை வெளியிட்டுப் புகழ் பெற்றவர். அவர் பெயராலேயே அது வழங்கும். அதன் முதற் கடினப் படியை 1923இல் ஏறிக் காட்டியவர் யார்? கார்ல் லோவ்னர், பொகீமியாவிலே பிறந்த யூதர்! ஊகம் முழுவதும் மெய்யென 1984இல் நிறுவப்பட்டபோது, அந்த நிறுவலுக்கும் லோவ்னரின் முறையே தோள் கொடுத்தது. யூதனின் கணக்கு வெற்றுச் சொல் என்றவரின் பெயர் நிலைத்து நிற்பது, யூதர் இட்ட கல்லின் மீது. அந்த லோவ்னரை 1939இல் பிராக் நகரிலே சிறையில் தள்ளினர்; பின்னர் அமெரிக்கா சென்று பிழைத்தார்.

லாண்டாவ் வகுப்பு முடக்கப்படுவதற்கு ஆறு திங்கள் முன்னரே அந்தக் கணித நிலையத்தின் தலைவர் வெளியேற்றப்பட்டு விட்டார். அவரைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வந்தது. பீபர்பாக் எழுப்பிய சீட்டுக்கட்டு மாளிகை முழுவதையும் தம் வாழ்வு கொண்டே ஊதித் தள்ளிய ஒருவர் உண்டெனில் அவரே: ரிச்சர்டு கூரன்ட்.

1888இல் மேல் சைலீசியாவில் லுப்லினிட்ஸ் எனும் சிற்றூரில் பிறந்தார். அன்று பிரஷ்யா, இன்று போலந்து. தந்தையின் வாணிகம் நொடித்தது. குடும்பம் பெர்லினுக்குப் பெயர்ந்தபோது பையன் பிரெஸ்லாவ் நகரிலேயே தங்கினான், 14 வயதில் பிறருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அந்த வருவாயில் தானும் படித்தான். நம் நாட்டிலே மாலை வேளைகளில் திண்ணையில் பத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தி அடுத்த பருவக் கட்டணம் தேடும் இளைஞர்களை நாம் அறிவோம். அந்த இனத்தவர் அவர். 1907இல் கோட்டிங்கன் வந்தார், மாமேதை ஹில்பர்டின் உதவியாளரானார், 1910இல் முனைவரானார். முதல் உலகப் போரில் ஜெர்மன் காலாட்படையில் நின்று 1915இல் குண்டடிபட்டார். தொலைபேசிக் கம்பிகள் அறுந்து பதுங்கு குழிகளிலே படை தவித்ததைக் கண்டு, மண்ணின் வழியாகவே தந்திக் குறிகளை அனுப்பும் கருவியை உருவாக்க முனைந்து வெற்றியும் கண்டார். கண்ணால் கண்டதைக் கணக்காக்கும் வல்லமை ஆரியனுக்கே உரித்து என்றாரே பீபர்பாக், பதுங்கு குழியிலே அவர் இருந்திருந்தால் அந்தக் கருவியை யார் செய்தார் என்று கேட்டிருப்பாரோ!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கணிதத்துக்குள்ளேயும் ஒரு சாதி முறை உண்டு. 'தூய கணிதம்' என்பார்கள். பெயரைப் பாருங்கள், தூய! உலகத் தூசு படாதது, மடி கலையாதது. மற்றொன்று பயன்பாட்டுக் கணிதம்: பாலம், படகு, காற்று, வெப்பம், நீரோட்டம் ஆகியவற்றோடு உறவாடுவது. ஆகையால் இழிந்ததாம்! இனவெறியை எள்ளிய அதே ஹார்டி, பயன்படும் கணிதம் சுவையற்றது என்று 1940இல் நூலே எழுதினார். கையால் உழைப்பவன் கீழோன், காணாப் பொருளைப் பேசுபவன் மேலோன் என்ற பழைய நினைப்பு எத்தனை வேடம் போட்டுத்தான் வரும்! கோட்டிங்கனில் இந்தத் தீண்டாமையைத் தகர்த்தவர் ஃபெலிக்ஸ் கிளைன். 1904இல் அங்கே பயன்பாட்டுக் கணிதத்துக்கெனக் கார்ல் ருங்கேயைப் பேராசிரியராக அமர்த்தச் செய்தவர் அவர். அந்தக் கிளைனின் இடத்துக்கு 1920இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கூரன்ட்.

அதன் பின் பதின்மூன்று ஆண்டுகள், கோட்டிங்கன் உலகக் கணிதத்தின் தலைநகராக விளங்கிற்று. 1924இல் ஹில்பர்டின் பெயரோடு தம் பெயரையும் இணைத்து, இயற்பியலுக்குரிய கணித முறைகள் பற்றிய பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்டார். அணுவின் இயக்கத்தை விளக்கும் புதிய இயற்பியல் அடுத்த ஈராண்டுகளில் பிறந்தபோது, அதற்கு வேண்டிய கருவிகள் அந்நூலிலே கூர்தீட்டிக் காத்திருந்தன. 1929 டிசம்பரில், ராக்ஃபெல்லர் அறநிலையப் பொருளுதவியோடு, கணித நிலையத்துக்கெனத் தனி மாளிகை திறக்கப்பட்டது. சாதி கேட்காமல், நாடு கேட்காமல், மாணவர் வந்து குவிந்தனர். பெண் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் பேராசிரியர் ஹில்பர்டின் பெயரால் வகுப்பு நடத்த நேர்ந்த எம்மி நோத்தரும் அங்கேதான் நவீன இயற்கணிதத்தை வார்த்துக் கொண்டிருந்தார்.

1928இல் கூரன்டும், அவருடைய இளந்தோழர்கள் ஃபிரீட்ரிக்ஸ், ஹான்ஸ் லெவி ஆகியோரும் வெளியிட்ட ஆய்வுரை ஒன்றை மட்டும் சற்று விளக்கி விடுகிறேன். கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிடும் தோழர்கள் இந்த ஒரு முறை பொறுத்தருள வேண்டும், பொருள் எளியது.

காற்று இடைவிடாது ஓடுகிறது. அதைக் கணக்காக்க வேண்டுமானால் வானத்தைக் கட்டங்களாகவும் காலத்தைச் சிறு துளிகளாகவும் வெட்டிக் கொள்கிறோம். இக்கணத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம் என்ன, வேகம் என்ன என்று தெரிந்தால், அடுத்த துளியில் என்ன ஆகும் என்பதை அண்டைக் கட்டங்களைக் கொண்டு கணக்கிடலாம். பிறகு அதற்கடுத்த துளி. இப்படியே நாளை வரையில் நடக்கலாம். ஆனால் கட்டங்களை நெருக்கமாக வெட்டி விட்டுக் காலத் துளியை மட்டும் பெரிதாக வைத்தால்? கணக்கு கொந்தளித்து வெடித்துப் போகும்! ஏன்? ஒரு துளி நேரத்துக்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டி அப்பால் ஓடிவிடுகிறது. கணக்கோ அண்டைக் கட்டத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அலை வந்த இடம் ஒன்று, கணக்கு பார்த்த இடம் வேறொன்று. ஆகவே கட்டத்தின் அகலத்தை அலையின் வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் நேரத்தைக் காலத் துளி மீறலாகாது. கட்டம் 30 கிலோமீட்டர், அலை நொடிக்கு 300 மீட்டர் என்றால் 100 நொடி. அதற்கு மேல் ஒரு நொடியும் கூடாது. மூவர் பெயராலும் வழங்கும் நிபந்தனை இதுவே. இத்தனைக்கும் அவர்கள் வானிலையைக் கருதி அதை எழுதவில்லை. சமன்பாடுகளுக்குத் தீர்வு உண்டு என்று நிறுவ வேண்டும் என்ற 'தூய' நோக்கத்தோடு தொடங்கினர். தூயது எது, பயன்படுவது எது என்று மதில் எழுப்புவோர் கவனிக்க!

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1922இல், ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில அறிஞர் வானிலையைக் கணக்கிட்டுச் சொல்ல முடியும் என்று நூல் வெளியிட்டிருந்தார். முதற் போரில் பிரான்சிலே காயம்பட்டோரை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டிக்கொண்டே, கையாலேயே கணக்கிட்டார் அந்த நல்லவர். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. உண்மையிலே ஏறத்தாழ அசையவே இல்லை. தொடக்க அளவீடுகளில் இருந்த ஒவ்வாமையே அதற்கு முதற் காரணம். ஆனால் அளவீடுகள் சரியாக இருந்திருந்தாலும், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கட்டத்துக்கு 3 மணி நேரத் துளி என்று தொடர்ந்திருந்தால் கணக்கு வெடித்தே இருக்கும். மூவரின் நிபந்தனைப்படி 11 நிமிடத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. 1950இல் எனியாக் எனும் கணிப்பொறியிலே சார்னி, ஃபியோர்டாஃப்ட், வான் நாய்மன் ஆகியோர் முதன்முதலாக வானிலையைக் கணக்கிட்டு வென்றபோது, இந்த நிபந்தனையைக் கையில் வைத்துக் கொண்டே துளிகளை அமைத்தனர்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கிய இரவை நாம் மறக்கவில்லை. ஓடி வந்த இரயில் வண்டியையும் பயணிகளோடு விழுங்கிற்று. 1999இல் ஒடிசாவில் பெரும்புயல் ஏறத்தாழ 10,000 உயிர்களைக் கொண்டு போயிற்று. 2013இல் அதே கரையை மற்றொரு பெரும்புயல் தாக்கியபோது, முன்கூட்டியே ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் அகற்றப்பட்டனர். மாண்டவர் சில பதின்மரே. இடையிலே என்ன நேர்ந்தது? வருண பகவான் மனம் மாறினானா? யாகம் வளர்த்தோமா? புயலின் தடத்தைக் கணிப்பொறி கட்டம் கட்டமாக, துளி துளியாகக் கணக்கிட்டுச் சொல்லிற்று. அரசு அதைக் கேட்டு மக்களை நகர்த்திற்று. இட்லர் விரட்டிய மூவரின் நிபந்தனை அந்தக் கணக்கினுள்ளே இருந்தது.

ஆம், மூவரும் விரட்டப்பட்டனர். 1933 ஏப்ரல் 7ஆம் நாள் அரசு ஊழியச் சட்டம் வந்தது: ஆரியர் அல்லாதார் பதவி விலகுக! போர்முனையில் நின்றவர்களுக்கு விலக்கு உண்டு என்று அச்சட்டமே சொல்லிற்று. குண்டடிபட்ட கூரன்ட் அதைச் சுட்டிக் காட்டினார். யார் கேட்டார்? ஏப்ரல் 25இல் கட்டாய விடுப்பு! எம்மி நோத்தர், இயற்பியல் மேதை மாக்ஸ் பார்ன் ஆகியோரும் அதே பட்டியலில். ஹில்பர்ட், பிளாங்க், ஹைசன்பர்க் போன்றோர் கையெழுத்திட்ட வேண்டுகோள் குப்பைக் கூடைக்குப் போயிற்று. லெவி உடனே வெளியேறினார். (அமெரிக்காவிலே பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில், 1950இல், பொதுவுடைமைக்கு எதிரான உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்து அங்கும் வேலையிழந்தார் அந்த வணங்காமுடி. சுதந்திர பூமி என்று அமெரிக்காவைக் கொண்டாடுவோர் இதையும் படிக்கலாம்.) ஃபிரீட்ரிக்சின் கதை வேறு. அவர் யூதர் அல்லர். பதவிக்கு இடையூறு இல்லை. ஆனால் அவர் உள்ளம் நாடிய நங்கை யூதர். 1935ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மணத்தைக் குற்றமாக்கிற்று. 1937இல் பேராசிரியர் பதவியை உதறினார், தனித்தனியே நாட்டை விட்டு வெளியேறினர், நியூயார்க்கிலே இணைந்தனர். கலப்பு மணத்துக்குக் கத்தி தீட்டும் கூட்டம் நம் ஊரிலே மட்டும் விளைந்த பயிரல்ல.

இனவெறி அமைச்சர் ரூஸ்ட் ஒரு விருந்திலே முதியவர் ஹில்பர்டிடம், யூதர்கள் போனதால் உம் கணித நிலையத்துக்குக் கேடு உண்டாயிற்றோ என்று வினவ, கேடா, அந்த நிலையமே இல்லையே என்று அவர் விடையிறுத்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. விருந்தில் அப்படி நடந்ததோ இல்லையோ, நிலையம் இல்லாமற் போனது உண்மை.

கூரன்ட் எங்கே போனார்? ஓராண்டு கேம்பிரிட்ஜில், பின் 1934இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில். அன்று அங்கே உயர்கணித ஆய்வு என்று பெயர் சொல்லத்தக்கது இல்லை. மாணவர்கள்? பகலெல்லாம் கடையிலும் அலுவலகத்திலும் உழைத்து மாலையிலே படிக்க வருவோர்; பிழைப்புத் தேடி வந்தேறிய ஏழைகளின் பிள்ளைகள். ஐரோப்பாவின் பெரும் பேராசிரியர் ஒருவர் இதைக் கண்டு முகம் சுளித்திருக்கலாம். கூரன்டோ, இந்நகரம் திறமையின் நீர்த்தேக்கம் என்று கண்டு கொண்டார்! மேட்டுக்குடியின் மாளிகையில் தேடாமல், மாலை வகுப்பின் களைத்த முகங்களிலே தேடினார் கணிதத்தை. "தகுதி போயிற்றே, திறமை போயிற்றே" என்று இட ஒதுக்கீட்டைக் கண்டபோதெல்லாம் மாரடித்துக் கொள்வோர் இருக்கிறார்களே, தகுதியையும் திறமையையும் அவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே அறிந்தவர் கூரன்ட் என்பதை ஒப்புவார்களா?

பெண்களுக்கும் கதவு திறந்தார். கேத்லீன் மொராவெட்ஸ் என்ற இளம்பெண்ணை 1946இல், அதிர்வலைகள் பற்றிய தம் நூலைச் செப்பனிடும் பணிக்கு அமர்த்தினார். அவரே பின்னாளில், 1984இல், அந்த நிலையத்தின் இயக்குநரானார். தொப்பித் தொழிற்சாலையாக இருந்த பழங்கட்டடத்திலே சில ஆண்டுகள் நடந்த அந்த நிலையம், 1964 முதல் கூரன்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதற்கு முந்திய ஆண்டு, சென்னையிலே பிறந்து மாநிலக் கல்லூரியிலே பயின்ற ஓர் இளைஞர் அங்கே ஆய்வுக்குச் சென்றார். அவர்தான் 2007இல் ஆபெல் பரிசு பெற்ற சீனிவாச வரதன்.

1943இல் கூரன்ட் வெளியிட்ட இன்னொரு கருத்தும் சுருங்கச் சொல்லத் தக்கது. ஒழுங்கற்ற வடிவம் கொண்ட இரும்புத் தண்டை முறுக்கினால் அது எவ்வளவு தாங்கும்? நேரடியாகக் கணக்கிட வழியில்லை. அதன் குறுக்கு வெட்டைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பிரி. ஒவ்வொன்றிலும் எளிய சரிவு ஒன்றைக் கொள். எல்லாவற்றையும் தைத்துவிடு என்றார். அன்று அதைப் பெரிதாக யாரும் எடுத்துக் கொள்ளவில்லை. கணிப்பொறி வந்தது, இன்று பாலமும் அணையும் விமான இறக்கையும் இந்த முக்கோண முறை வழியே சோதிக்கப்படுகின்றன.

அவரைத் தெய்வமாக்கித் தேங்காய் உடைக்க நான் வரவில்லை. பொதுமக்களுக்குக் கணிதத்தை விளக்கும் 'கணிதம் என்றால் என்ன?' எனும் நூலை 1941இல் வெளியிட்டபோது, உடன் உழைத்த இளைஞர் இராபின்சின் பெயரை முகப்பிலே சேர்க்க மனமின்றி இருந்தார் என்றும், இராபின்ஸ் வற்புறுத்திய பிறகே சேர்த்தார் என்றும் இராபின்சே சொல்லியிருக்கிறார். அவருடைய அதிர்வலைக் கணிதம் போர்க்கருவிக்கும் பயன்பட்டது. அறிவைப் பாராட்டுவோம், ஆளைத் தேரில் ஏற்றும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

இனி, தமிழகத்தோடு நேரே தொடர்புடைய ஒரு செய்தி. கூரன்ட் விலக்கப்பட்டதும் தலைவர் பதவி அவருடைய உதவியாளர் ஆட்டோ நாய்கெபவருக்கு வந்தது. அவர் யூதர் அல்லர். எனினும் புதிய அரசுக்கு உறுதிமொழி தர மறுத்தார். ஒரே நாளில் பதவி போயிற்று. பழங்கால வானியலை ஆராய்ந்து உலகம் போற்ற வாழ்ந்த அந்த அறிஞர், 1952இல் எழுதிய ஆய்வுரையின் தலைப்பு என்ன தெரியுமா? 'தமிழ் வானியல்'! 1825இல் சென்னையில் வாரன் என்பவர் வெளியிட்ட 'கால சங்கலிதம்' எனும் நூலை அடிப்படையாகக் கொண்டது அது. புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையிலே சோழிகளைப் பரப்பி, வாய்பாடுகளைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்து வைத்திருந்ததைக் கொண்டே, அவ்வாண்டின் சந்திர கிரகணத்தை வாரன் எதிரிலே கணக்கிட்டார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடமே பிழை! ஆனால் அந்தக் கணக்கின் காரணம் அவருக்குச் சிறிதும் தெரியாது என்றும் வாரன் எழுதினார். அந்தச் சோழிகளின் வழியைத் தொடர்ந்து சென்ற நாய்கெபவர் எங்கே போய்ச் சேர்ந்தார்? பாபிலோனுக்கு! ஈராயிரம் ஆண்டுக்கு முன் களிமண் பலகைகளிலே எழுதப்பட்ட முறைகளின் வழிவந்தது அது என்று காட்டினார்.

அந்த நினைவாற்றலுக்குத் தலை வணங்குவேன். காரணம் கேளாத மனப்பாடத்துக்கு வணங்க மாட்டேன். பாபிலோனியன் குறித்ததைக் கிரேக்கன் திருத்தி, வடவன் பெற்று, தமிழன் சோழியால் எண்ணினான் என்றால், இதில் யாருடைய குருதி தூயது? ஜெர்மானியக் கணிதம் என்று ஒன்று இல்லை என்பதற்காக எதையும் இழக்கத் துணிந்தவர், தமிழ் வானியலும் தனிக் குருதியில் பிறந்ததன்று என்று காட்டினார். தமிழன் பெருமை இதனால் குறைந்து விடாது. கடல் கடந்து கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த இனம் இது என்பதற்கு இன்னுமொரு சான்று, அவ்வளவே.

ஆனால் இந்தியாவிலே கணக்குக்குக் குலம் கற்பிக்கும் முயற்சி ஓயவில்லை! 'வேத கணிதம்' என்றொரு நூல். பூரி சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதியது. அவர் 1960இல் மறைந்த பின்னர் 1965இல் வெளிவந்தது. பதினாறு சூத்திரங்கள், அதர்வண வேதத்தின் பின்னிணைப்பிலே உள்ளவையாம். எந்தப் பின்னிணைப்பில்? அறியப்பட்ட எதிலும் இல்லை. இதைச் சொல்பவர் கருப்புச் சட்டைக்காரர் அல்லர். அந்நூலின் பதிப்பாசிரியரே முன்னுரையில் ஒப்பினார்! டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக் கணிதப் பேராசிரியர் தானி, இதில் வேதமும் இல்லை, உயர்கணிதமும் இல்லை என்று விரிவாகவே எழுதினார். ஆயினும் 1990களில் வடமாநிலப் பாடநூலிலே அதற்கு இடம் கிடைத்தது. இன்று நம் ஊர்த் தனிப்பயிற்சிக் கூடங்களின் பலகைகளிலும் பளிச்சிடுகிறது.

சூத்திரத்தின் மாயம் என்ன? 98ஐ 97ஆல் பெருக்கு. நூறுக்கு 2 குறைவு, 3 குறைவு, இரண்டையும் கூட்டினால் 5, பெருக்கினால் 6, நூறில் 5 போக 95, விடை 9506. ஆகா என்கிறார்கள்! ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதப்படி 100இலிருந்து 2 கழித்ததை, 100இலிருந்து 3 கழித்ததால் விரித்துப் பெருக்கினால் வருவது இதுதான். ஏன் அப்படி வருகிறது என்று விளக்கிச் சொல்லிக் கொடுங்கள், நல்ல பாடம். ரிஷியின் வாயில் பிறந்தது என்று சொல்லிக் கொடுக்கிறீர்களே, அப்போது புதுச்சேரிச் சோழிக்காரரின் காரணம் அறியா மனப்பாடத்துக்கே பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறீர்கள். ஆரியபட்டரும் பாஸ்கரரும் கேரளத்து மாதவரும் உண்மையாகவே கண்டவை ஏராளம். அவற்றைக் கற்பிக்க நேரமில்லை, இல்லாத சூத்திரத்துக்கு இடம் உண்டு! பீபர்பாக் ஆரியம் என்றார், இவர்கள் வேதம் என்கின்றனர்.

என் வகுப்பிலே நான் வேறொன்று செய்கிறேன். கூரன்டின் நூலில் கண்டது. சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு ஊர்கள், பக்கம் 10 கிலோமீட்டர். எல்லா ஊரையும் இணைக்கும் மிகக் குறுகிய சாலை எது? மூலைவிட்டங்கள் இரண்டும், என்று பிள்ளைகள் கூவுவர், 28.28 கிலோமீட்டர். இரண்டு கண்ணாடித் துண்டுகளை இடைவெளி விட்டு நான்கு சிறு குச்சிகளால் இணைத்து, சோப்பு நீரில் அமிழ்த்தி எடுத்தால், படலம் நடுவிலே இரண்டு சந்திப்புகள் வைத்து, ஒவ்வொன்றிலும் 120 பாகைக் கோணத்தில் மூன்று கிளை பிரிந்து நிற்கும். அளந்து கணக்கிட்டால் 27.32! கம்பியால் கனசதுரம் செய்து அமிழ்த்தினால் அதைவிட வியப்பு. நம் மன்றங்களின் ஆண்டு விழாவிலே, சொற்பொழிவுக்கு முன் அரைமணி நேரம், ஒரு வாளி சோப்பு நீருக்கும் ஒதுக்குங்கள். கண்ணாடியை விளிம்பு தேய்த்து வாங்குங்கள், பிள்ளைகள் கை கிழியும். படலம் அரை நிமிடம் நிற்க வேண்டுமானால் நீரில் சிறிது கிளிசரின் சேர்க்க வேண்டும். மருந்துக் கடையிலே கிடைக்கும்.